சூட்டு வலியா, பிள்ளை வலியா: தோட்டத்தில் வாழும் நிறைமாதத் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

நிறைமாதத் தாய் ஒருவருக்கு இரவில் வயிறு இறுகத் தொடங்கினால், வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாமியார் சீரகத் தண்ணீர் கொதிக்க வைப்பார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு இது சூட்டு வலிதான், பிள்ளை வலி இல்லை என்பார். வண்டிக்காரரை எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கணவர் வாசலில் நிற்பார். என் முதல் பிள்ளையின்போது இந்தக் குழப்பம் எங்கள் வீட்டிலும் இருந்தது. எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்ல அப்போது எங்களுக்கு ஒருவரும் இல்லை. பிறகு கிளினிக்கிலும் வைத்தியசாலையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தங்கைமாருக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பிரசவம் தொடங்கிவிட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல, கருப்பையின் வாய் மென்மையாகித் திறக்கிறதா என்று பயிற்சி பெற்றவர் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் எவராலும் சொல்ல முடியாது. வீட்டில் செய்யக்கூடியது, எப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதைச் சரியாக முடிவு செய்வது மட்டுமே.

1. முப்பத்தாறாம் வாரத்துக்கு முன் பத்திரங்களையும் வண்டியையும் ஆயத்தப்படுத்துங்கள்

வலி வந்த பிறகு பெட்டியைக் கிளறித் தேடும் நேரம் வீணாகும் நேரம். ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: கிளினிக்கில் தந்த கர்ப்பிணித் தாய் அட்டை (எச் 512), உங்கள் தேசிய அடையாள அட்டை, ஸ்கேன் அறிக்கைகள் எல்லாம், இரத்த வகை உட்பட இரத்தப் பரிசோதனை முடிவுகள், முந்தைய பிரசவம் அல்லது சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அப்போது வைத்தியசாலை தந்த அட்டை. இரத்த அழுத்தத்துக்கோ சீனி வியாதிக்கோ குளிசை குடிப்பவர்கள் அந்தக் குளிசைகளையும் உறையோடு வைக்க வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழின் ஒரு பிரதி கணவரிடம் இருக்கட்டும். பிறப்பைப் பதியும்போது அது தேவைப்படும், பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும்.

இவற்றுள் கர்ப்பிணித் தாய் அட்டைதான் முதன்மையானது. பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போகும் பெண்கள் பலர் அதைக் கணவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். உங்களை முன்பின் பார்த்திராத வைத்தியருக்கு உங்கள் எட்டு மாத வரலாற்றையும் சொல்வது அந்த அட்டை ஒன்றுதான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கடைசி வாரங்களில் அது உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பையைப் பொறுத்தவரை, கிளினிக்கில் தரும் பட்டியலைப் பின்பற்றினால் போதும். நம் குளிருக்காகப் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும், உங்களுக்கு ஒரு தடித்த ஸ்வெட்டரும் சுடுதண்ணீர் போத்தலும் கூடுதலாக வையுங்கள்.

செலவைப் பற்றிப் பயந்து தாமதிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் அனுமதிப்பதற்கும், பிரசவத்துக்கும், சத்திரசிகிச்சைக்கும் பணம் வாங்குவதில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம். உண்மையில் பணம் போகும் இடம் இரவு வாடகை வண்டியும், கூட வருபவரின் சாப்பாடும், நகரத்துக்கு வந்து போகும் பஸ் காசும்தான். ஆகவே தோட்டத்தில் இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு முச்சக்கர வண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, இரவு வாடகையையும் கேட்டு, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். அன்றைக்கு அவர் ஊரில் இல்லாமலும் போகலாம். தோட்ட அம்புலன்ஸ் அல்லது லொறி இருந்தால், இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும், யாருடைய அனுமதி வேண்டும் என்பதைத் தோட்ட அலுவலகத்திலோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ பகலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

எந்த வைத்தியசாலை என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தோட்ட டிஸ்பென்சரி பிரசவம் பார்க்கும் இடமல்ல. முதல் பிள்ளை என்றாலோ, கிளினிக்கில் ஏதாவது சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ, மகப்பேற்று நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள வைத்தியசாலைக்கே நேராகப் போக வேண்டும். இடம் எது என்பதைப் பொறுத்து அது நுவரெலியாவாகவோ, டிக்கோயா கிளங்கனாகவோ, நாவலப்பிட்டியாகவோ, பதுளையாகவோ, கண்டி அல்லது பேராதனையாகவோ இருக்கலாம். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவரிடம், "எனக்கு எந்த வைத்தியசாலை?" என்று நேரடியாகக் கேட்டு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிறிய வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, ஒரே இரவில் இரண்டு பயணம் செய்யும் நிலையை இந்த ஒரு கேள்வி தவிர்க்கும்.

2. வலி வந்ததும் முதலில் வாரத்தைப் பாருங்கள்

அட்டையில் பிரசவத்துக்கு எதிர்பார்க்கப்படும் திகதி எழுதப்பட்டிருக்கும். அது நாற்பது வாரம் நிறையும் நாள். அதற்கு மூன்று வாரத்துக்கும் அதிகமாக இருக்கிறது என்றால், உங்களுக்கு இன்னும் 37 வாரம் நிறையவில்லை. அப்படியானால் இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் மணிக்கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. விட்டுவிட்டு வரும் இறுக்கம், மாதவிடாய்க் காலத்தில் வருவது போன்ற அடிவயிற்று வலி, புதிதாகத் தொடங்கிய இடுப்புக் கடுப்பு, கீழே அழுத்துவது போன்ற பாரம், நீர் கசிவு ஆகியவற்றுள் எது வந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குறைமாதப் பிரசவம் பெரும்பாலும் பெரிய வலியோடு தொடங்குவதில்லை. நேரத்தோடு போனால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போட வைத்தியர்களுக்கு அவகாசம் கிடைக்கும். அந்த ஊசி வேலை செய்வதற்குச் சில மணி நேரமாவது வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் இழப்பது அந்த மணி நேரங்களைத்தான்.

3. மணிக்கூட்டைப் பார்க்காமல் உடனே புறப்பட வேண்டியவை

எத்தனையாவது வாரமாக இருந்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழே சொல்பவற்றுள் ஒன்று வந்தால் 1990க்கு அழையுங்கள் அல்லது கையில் கிடைக்கும் வண்டியில் ஏறுங்கள்.

இரத்தம் போகிறது, சளியோடு கலந்த சிறு கறையைவிட அதிகமாக இருக்கிறது. வயிறு பலகை போல இறுகியபடியே நிற்கிறது, இடையில் தளரவே இல்லை. பனிக்குட நீர் போகிறது, அதுவும் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கிறது. தலை கடுமையாக வலிக்கிறது, கண் மங்குகிறது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிறு வலிக்கிறது, முகமும் கையும் திடீரென வீங்கியிருக்கின்றன, அல்லது வலிப்பு வந்துவிட்டது. காய்ச்சலும் நடுக்கமும் இருக்கின்றன. பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது.

அசைவைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான நம்பிக்கை ஒன்று நம் லயன் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பிரசவம் நெருங்கினால் பிள்ளை அசையாது, இறங்கிவிட்டதால் அமைதியாக இருக்கிறது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது சரியல்ல. கடைசி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம். உதைப்பதற்குப் பதிலாகப் புரள்வது போல இருக்கலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது, வலி தொடங்கிய பிறகும் அசைவு தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் இடது பக்கமாகப் படுத்து, வேறு வேலையில் கவனம் வைக்காமல், அசைவை மட்டும் எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டால் இரவா பகலா என்று பார்க்கக் கூடாது. அசைவே இல்லை என்றால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், புறப்பட்டுவிடுங்கள்.

முன்பு சிசேரியன் நடந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், நச்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் ஆகியோரும் வலி தொடங்கியதுமே போக வேண்டும். ஒழுங்கு பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

4. முதல் அரை மணி: தண்ணீர், சிறுநீர், ஓய்வு

37 வாரம் நிறைந்து, மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால், முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு கோப்பை தண்ணீர் குடித்து, நின்றவர் படுங்கள், படுத்தவர் சற்று நடங்கள். சூட்டு வலி என்று நாம் சொல்வதை, அதாவது கிளினிக்கில் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் இறுக்கம் என்று சொல்வதை, பெரும்பாலும் இந்த மூன்றும் தணித்துவிடும். அது கருப்பை தானாகவே இறுகித் தளர்வதால் வருவது. உடம்பில் நீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும், நாள் முழுவதும் நின்று வேலை செய்தாலும் அதிகமாகும். பெரும்பாலும் வயிற்றின் முன்பக்கத்தில் மட்டும் தெரியும்.

மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். மலையில் கழிப்பறை இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, வந்த சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறோம். இதனால் இறுக்கம் மட்டுமல்ல, சிறுநீர்க் கிருமித்தொற்றும் வரும். அந்தத் தொற்று உண்மையான வலியையே நாள் முந்தி வரவழைக்கக் கூடியது. சிறுநீர் கழிக்கும்போது எரிவும், கூடவே இறுக்கமும் இருந்தால் சூட்டு வலி என்று விட்டுவிடாமல் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சீரகத் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை, அதுவும் தண்ணீர்தான். ஆனால் அது நிறுத்தாத வலிதான் பிள்ளை வலி என்று அதையே சோதனையாக வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கொதிக்க வைத்துக் கொடுத்து, நேரத்தைக் கடத்தக் கூடாது. விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. அது வயிற்றோட்டத்தை உண்டாக்கி உடம்பின் நீரைக் குறைத்துவிடும். வலியின் உண்மையான ஒழுங்கையும் மறைத்துவிடும். வலிக்குக் கடையில் குளிசை வாங்கிக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

5. ஒரு மணி நேரம் எழுதிப் பாருங்கள்

ஓய்வெடுத்தும் நிற்கவில்லை என்றால், அப்போது எழுதத் தொடங்குங்கள். எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய முயல வேண்டாம். சிலருக்குச் சூட்டு வலியே அழ வைக்கும். சிலருக்கு உண்மையான பிரசவமே முதுகுக் கடுப்பாகத்தான் தொடங்கும். முடிவு செய்ய உதவுவது வலியின் ஒழுங்கு.

ஒருவர் கையை வயிற்றின் மேல் மெதுவாக வைத்திருக்கட்டும். தளர்ந்திருக்கும்போது கன்னத்தைத் தொடுவது போலவும், நன்றாக இறுகும்போது நெற்றியைத் தொடுவது போலவும் இருக்கும். இறுகத் தொடங்கிய நேரத்தையும், அது எத்தனை வினாடி நீடித்தது என்பதையும் எழுதுங்கள். இடைவெளியை ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம்வரை கணக்கிட வேண்டும். பலர் வலி முடிந்ததிலிருந்து கணக்கிடுகிறார்கள். வைத்தியசாலையில் கேட்கும் இடைவெளி அதுவல்ல.

7.00, 7.18, 7.25, 7.50 என்று தாளில் இருந்து, ஒன்று இருபது வினாடியும் மற்றொன்று ஐம்பது வினாடியும் நீடித்திருந்தால், அதில் ஒழுங்கு இல்லை. பெரும்பாலும் சூட்டு வலிதான். 9.00, 9.11, 9.21, 9.30, 9.38 என்று இடைவெளி சுருங்கி, வலி நீடிக்கும் நேரம் முப்பது வினாடியிலிருந்து நாற்பது, ஐம்பது என்று வளர்ந்து, நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல், இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி முன்னால் சுற்றி வந்தால், அது பெரும்பாலும் பிரசவத்தின் தொடக்கம். வலி வரும் அந்த நேரத்தில் உங்களால் பேச்சைத் தொடர முடியவில்லை என்பதும் ஒரு நல்ல அறிகுறி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. ஒழுங்கு வந்தது போல இருந்து, சில மணி நேரத்தில் கலைந்துவிடும். மறுநாள் இரவு மீண்டும் வரும். கருப்பையின் வாய் மெதுவாக ஆயத்தமாகும் ஆரம்பக் கட்டம் இது. இதற்குக் கால அளவு கிடையாது. முதல் பிள்ளைக்கு மிகவும் நீளலாம். இந்தக் கட்டத்தில் கஞ்சி, பிஸ்கட், பிளேன்டீ என்று இலேசாகச் சாப்பிட்டு, முடிந்தால் தூங்க வேண்டும்.

6. உங்கள் பாதையின் நேரத்தைக் கழித்துப் புறப்படுங்கள்

முதல் பிள்ளைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு அது சரி. கீழ்ப் பிரிவிலிருந்து குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறி, பிரதான வீதிக்கு வருவதற்கே நேரம் எடுக்கும் நமக்கு அது பொருந்தாது. இரவில் பனிமூட்டம் இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். ஆகவே வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்குபட்டு, கூடிக்கொண்டும் போகிறது என்றால் புறப்பட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் ஒழுங்கு தெரிந்த உடனேயே போக வேண்டும். அடுத்தடுத்த பிரசவங்கள் வேகமாக முடிந்துவிடும். உங்கள் வீட்டின் தூரத்தைச் சொல்லி, உங்களுக்கான கணக்கை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மழைக்காலத்தில் கணக்கு மறுபடியும் மாறும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கத்துக்கு ஆண்டு இறுதியிலும் பெருமழை வரும். உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், 38 வாரம் ஆனதும் நகரத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால், நாளுக்கு முன்பே வைத்தியசாலை விடுதியில் தங்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

1990க்கு அழைக்கும்போது சொல்வதற்காகத் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், பக்கத்தில் உள்ள பாடசாலை அல்லது கோயில், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வீட்டுக்காரருக்கே வழி சொல்ல வராது. அம்புலன்ஸ் இறங்க முடியாத பாதை என்றால், எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வீட்டில் சிக்னல் கிடைக்காவிட்டால், எங்கே நின்றால் கிடைக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வழியிலேயே முக்க வேண்டும் என்ற உந்துதல் வந்துவிட்டால், வண்டியை ஓரமாக நிறுத்தி 1990க்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கால்களைச் சேர்த்துப் பிடித்துப் பிரசவத்தைத் தடுக்கக் கூடாது. பிள்ளை பிறந்துவிட்டால் துணியால் நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

7. சளியும் நீரும்

பிசுபிசுப்பான சளி, சற்றே இரத்தக் கறையோடு வெளிப்பட்டால், கருப்பையின் வாய் மாறத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் வலி சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். 37 வாரம் நிறைந்தவர்கள் இதற்காக மட்டும் ஓட வேண்டியதில்லை.

பனிக்குடம் அப்படியல்ல. அது உடைந்தால், வலியே இல்லாவிட்டாலும் போக வேண்டும். எல்லோருக்கும் குடம் கவிழ்ந்தது போலக் கொட்டாது. பலருக்குத் துளித்துளியாகக் கசியும், சிறுநீர் என்று நினைத்துவிடுவார்கள். சுத்தமான பேட் ஒன்றை வைத்துச் சற்று நேரம் படுத்துவிட்டு எழுந்து பாருங்கள். மறுபடி நனைந்து, சிறுநீர் வாடை இல்லை என்றால் அது பெரும்பாலும் பனிக்குட நீர்தான். உடைந்த நேரத்தை எழுதி, நனைந்த பேடையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறத்தையும் வாடையையும் அவர்கள் பார்ப்பார்கள். நீரோடு தொப்புள்கொடி வெளியே தெரிந்தால், தாய் முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்தியபடி இருக்க, அந்த நொடியே அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும்.

8. வைத்தியசாலையிலும், திருப்பி அனுப்பினால் அதன் பிறகும்

வாசலிலேயே அட்டையையும், நேரம் எழுதிய தாளையும் கொடுங்கள். இலக்கங்களுக்கு மொழி தேவையில்லை. சிங்களம் பேச வராத பலர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். "வதுர யனவா" என்றால் நீர் போகிறது, "லே யனவா" என்றால் இரத்தம் போகிறது, "பபா ஹெல்லென்னே நே" என்றால் பிள்ளை அசையவில்லை. இந்த மூன்றையும் கூட வருபவரும் பாடமாக்கி வைத்திருக்கட்டும்.

பரிசோதித்துவிட்டு இன்னும் நாளாகும் என்று சொன்னால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். கருப்பையின் வாய் எத்தனை சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது? பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்தீர்களா? எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும்? வலியே வராவிட்டால் எந்தத் திகதிக்கு வர வேண்டும்? வீடு எந்தத் தோட்டத்தில், எவ்வளவு தூரத்தில், இரவில் வண்டி கிடைக்குமா என்பதையும் தெளிவாகச் சொல்லி, விடுதியில் தங்க அனுமதி கேளுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தரும் துண்டுச் சீட்டை அட்டையோடு சேர்த்து வையுங்கள். திரும்பி வந்த பிறகு வலியின் போக்கு மாறினால், நேற்றுத்தானே பார்த்து அனுப்பினார்கள் என்று எண்ணித் தயங்காமல், எழுதுவதைப் புதிதாகத் தொடங்கி, அதே கணக்கின்படி மறுபடியும் புறப்படுங்கள்.